பிரின்சியின் இடது கை

நீங்கள் நம்பப் போவதில்லை, பரவாயில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பேய், ஆவி என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் பன்னிரண்டு வருடமாக வேலை. எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பே.

எனக்குப் பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் பிரின்சி. ஒன்பது வயதில் பஸ் விபத்தில் அவளுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. அவள் வாசிக்கிற இசைக்கு வாத்தியம் கிடையாது, லேப்டாப்தான். எல்லோரும் பார்க்கத் திரையில் புரோகிராம் எழுதிக்கொண்டே போவாள், ஒரு வரியை மாற்றினால் அந்த நொடியே தாளம் மாறும். பிறகு எழுந்து கேமராவுக்கு முன்னால் கையை அசைப்பாள். கேமரா கையை அடையாளம் கண்டு விரல் மூட்டுகளில் எல்லாம் பச்சைப் புள்ளி வைக்கும், அந்தப் புள்ளிகள் திரையிலும் தெரியும். கை உயர்ந்தால் சுரம் உயரும், விரலை மடக்கினால் அடங்கும். அவள் ஒற்றைக் கையால் டைப் அடிக்கிற வேகம் எனக்கு இரண்டு கையிலும் வராது, சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தப் புரோகிராமில் இடது கைக்கும் ஒரு வரி உண்டு, தம்புரா மாதிரி ஒரு கீழ்ச்சுரம். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று எழுதி வைத்தது. அவள் வாசிக்கும்போது அது சும்மா கிடக்கும்.

போன வருடம் மணவாளக்குறிச்சிப் பக்கம் அவளுடைய சர்ச் மண்டபத்தில், ஒரு ஞாயிறு சாயங்காலம் நிகழ்ச்சி. சொந்த ஊரில் அதுதான் முதல் தடவை. அவள் கையை யாரும் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே முழுக்கைச் சட்டையாகத் தைத்துக் கொடுத்தவர் அவள் அப்பா. கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்று அவள் அரைக்கைச் சுடிதாரில் வந்தாள். அப்பா கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அப்பா பாதியில எழும்பிப் போயிருவாவளோ?"

"நீ வாசி மக்கா. போனா நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாறேன்."

ஆரம்பித்தாள். ஓடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும், அந்தக் கீழ்ச்சுரம் கேட்டது. நான் மேடைக்குப் பக்கத்தில் சவுண்ட் மிக்சரில் இருந்தேன், நிமிர்ந்து பார்த்தால் திரையில் இரண்டு கை. கேமரா சில நேரம் நாற்காலியைக்கூடக் கை என்று நினைத்துக்கொள்ளும், ஆனால் அது துள்ளித் துள்ளி மறையும். இது மறையவில்லை. அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே ஆடாமல் நின்றது. வலது கையில் பாதி அளவுதான். சின்னப் பிள்ளையின் கை.

பிரின்சியும் பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அவள் வலது கையை மெதுவாக இறக்கி மற்றதற்கு வழி விட்டாள், பிறகு இரண்டும் சேர்ந்து போக ஆரம்பித்தன. ஏழெட்டு நிமிடம் இருக்கும். அப்படி ஒரு வாசிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நடுவில் அவள் அப்பா எழுந்தார், போகிறார் என்றே நினைத்தேன். அவர் முன்னால் நடந்து வந்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தார்.

கைதட்டல் ஓயும் முன்பே என்னிடம் இறங்கி வந்தாள்.

"அண்ணா, நீங்க எதும் மாத்துனியளா?"

"நான் தொடவே இல்ல மக்கா."

"எனக்குக் கை வேர்த்திட்டு," என்றாள். எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அப்பா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார், அழுதார், இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கேமரா கோளாறு என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அவர்கள் இருவரும் வாசல் பக்கம் நடந்தபோது மேடையில் யாருமே இல்லை, கேமரா வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தச் சின்னக் கை மட்டும் திரையில் அப்படியே இருந்தது, சுரமும் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக மடங்கியது, மடங்க மடங்கச் சத்தமும் படிப்படியாக இறங்கியது. ரெக்கார்டிங் என்னிடம் இருக்கிறது, பிரின்சிக்கு இதுவரை காட்டவில்லை. கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. அவள் அப்பாவோடு வாசலைத் தாண்டி வெளியே போன பிறகுதான் அதுவும் மடங்கியது.