கோயில் வர்ணம் பூசிய நத்தைகள்

என் தங்கையைப் பெண் பார்க்க உடப்புசல்லாவையிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் முதலில் கவலைப்பட்டது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலைப் பற்றித்தான். தங்கையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பிரயோசனமில்லை. முதலில் பேசிய சம்பந்தம் நிச்சயம் வரைக்கும் வந்தது. அப்புறம் அந்த வீட்டுக்காரர்கள் போனைக்கூட எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் உள்ளறையான உள்காம்பராவில் கம்பளிக்குள் கிடந்தாள். ஹட்டனில் துணிக்கடை வேலையையும் விட்டுவிட்டாள். கூப்பிட்டால் "ம்" என்பாள். சோறு வைத்தால் பாதியைத் தள்ளிவிடுவாள். அம்மா அழுவாள், நான் கத்துவேன். இரண்டுக்கும் ஒரே பலன்தான். கம்பளி இன்னும் கொஞ்சம் மேலே ஏறும்.

இந்த இடமும் தட்டிப்போனால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. வாசலில் ஒரு பூப்பாத்தி போட்டு, நானுஓயாவிலிருந்து டேலியாவும் சாமந்தியும் வாங்கி வந்து நட்டேன். குழாயில் தண்ணீர் நூலாக வந்த காலம் அது. ஒவ்வொரு செடிக்கும் வேரடியில் ஒரு கோப்பைத் தண்ணீர், அவ்வளவுதான். துரை பங்களாவுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக இருக்கும். அதுபோல நாமும் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கல் பொறுக்கப் போன இடத்தில்தான் நத்தைக் கூடுகளைப் பார்த்தேன். மழை நின்று வெகுநாளாகியிருந்தது. கொழுந்து இல்லையென்று காலையில் பேர் பதிகிற பெரட்டிலேயே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துக் கல்கட்டில், பொந்துக்குப் பொந்து, கைமுட்டி அளவில் கூடுகள் ஒட்டிக்கிடந்தன. வாய்ப்பக்கம் காய்ந்த கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாக ஒரு மூடி. செத்து எத்தனை காலமோ என்று பரிதாபப்பட்டுக்கொண்டே ஒரு சாக்கில் பொறுக்கினேன். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தன. உள்ளே மண் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். நினைப்பதற்கு யாரும் கூலியா கேட்கிறார்கள்?

அம்மன் கோயில் சுவருக்கு அடித்த பெயின்டில் மிச்சம் இருந்தது. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பட்டை வெள்ளை, ஒரு பட்டை காவி. பாத்தியைச் சுற்றி அடுக்கி முடித்ததும் பக்கத்துக் காம்பரா அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"சின்னதா ஒரு கோயிலே கட்டிட்ட, போ" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தங்கை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அவர்கள் வரவேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு மழை பிடித்துக்கொண்டது. காலையில் கதவைத் திறந்தால் பாத்தியைச் சுற்றி வேலி இல்லை. வேலி பாத்திக்குள் இருந்தது. டேலியாவைத் தின்றுகொண்டிருந்தது. மீதிப் பேர் சுவரிலும் தூணிலும் பக்கத்துக் காம்பரா அக்காவின் முட்டைக்கோவாப் பாத்தியிலும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் நத்தை இல்லை என்று சாதிக்கவும் வழியில்லை. பட்டை அடித்து அனுப்பியவளே நான்தான்.

அக்கா கையில் உப்புடன் வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார்.

"செத்தாலும் பரவாயில்லன்னு போட்டுருவேன். அம்மன் கோயில் கலருல இருக்கே, இதுக்கு எப்பிடி உப்புப் போடுறது? பாவம் யாருக்கு, ஒனக்கா எனக்கா?" என்று கேட்டுவிட்டு, உப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

நான் வாளியோடு குந்தி நத்தை பொறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் இறங்கினார்கள். வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அந்த அம்மாவின் நாற்காலிக் காலில் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ன பிள்ள?"

"நேர்த்திக்கடனுங்க" என்றேன். வாயில் வந்தது அதுதான். அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளைதான் சிரித்துவிட்டார். லீக்ஸ் பயிர் போடுகிறவர் அவர். நத்தையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இதுங்கள வெயில் நாள்லயா பொறுக்குனீங்க?"

"செத்ததுன்னு நெனச்சேன் தம்பி."

"சாகலக்கா. தண்ணியில்லாத காலத்துல வாசல அடச்சிக்கிட்டு உள்ள சுருண்டுக்கும். திங்காது, நகராது. அப்பிடி இல்லாட்டி காஞ்சி செத்துரும்."

"எம்புட்டு நாளைக்கு அப்பிடிக் கெடக்கும்?"

கேட்டது நானில்லை. உள்காம்பரா திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். பெண் பார்க்க வந்த வீட்டில், தேத்தண்ணீர்த் தட்டு வெளியே வருமுன் பெண்ணின் குரல் வருவது எங்கள் லயத்தில் வழக்கமில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மழை வர்ற வரைக்குங்க" என்றார் அவர், திரையைப் பார்த்து. "மாசக்கணக்காக்கூடக் கெடக்கும். நாமதான் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டிர்றோம்."

அவர் நத்தையைப் பற்றித்தான் சொன்னார். முகத்தைப் பார்த்தால் வேறெதையும் நினைத்துச் சொன்ன மாதிரி இல்லை.

திரை விலகியது. நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த சேலை இல்லை. பழைய ஸ்வெட்டர், சீவாத தலை. என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு நேரே மழையில் இறங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"புதுச் சட்டைடா" என்று அந்த அம்மா சொல்லி முடிக்குமுன் மாப்பிள்ளையும் இறங்கிவிட்டார்.

"நீங்க கோவாவப் பாருங்க, செவுத்த நான் பாத்துக்கிறேன்" என்றாள் தங்கை, முன்பின் தெரியாத மனிதரைப் பார்த்து. பிறகு இருவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கான் ஓரத்தில் கொட்டிவிட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பு இவ்வளவு நாளும் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

போகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்தார். "பொண்ணப் புடிச்சிருக்கு பிள்ள. கல்யாணத்துக்கு வாசல் சோடிக்கிற வேலைய மட்டும் எங்களுக்கு விட்ருங்க."

வேன் திரும்பியதும் தங்கையைச் சுற்றி நின்றோம். என்ன சொல்கிறாய் என்று அம்மா கேட்டாள்.

"யோசிச்சிச் சொல்றேன்" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே. "மொதல்ல சோத்தப் போடுங்க. பசிக்குது."

அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளே போய் அந்தக் கம்பளியை எடுத்து வந்து தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் போட்டுத் துவைக்கத் தொடங்கினாள். அந்த மழையில் அது காயாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் தடுக்கவில்லை.