குறுக்கே வராத நாய்

கார் இன்சூரன்ஸ் பாலிசி விற்று இருபது வருடமாகப் பிழைக்கிறேன். விற்கும்போதே எல்லோரிடமும் தொண்டை வறளச் சொல்லிவிடுவேன். கார் அடிபட்டால் போட்டோ எடு, அன்றைக்கே கம்பெனிக்கு போன் போடு, சேதத்தை மதிப்பிட கம்பெனி சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு நசுங்கலைக்கூட நிமிர்த்தாதே, நடந்ததை நடந்தபடி எழுது. முதல் மூன்றையும் எங்கள் ஜோகுபாளையத்து ஆட்கள் கேட்பார்கள். கடைசியை மட்டும் கேட்கமாட்டார்கள். காரணம் கராஜ் ஜெயராமன். என்ன நடந்திருந்தாலும் க்ளெய்ம் பாரத்தில் அவர் எழுதுவது ஒன்றுதான்: நாய் குறுக்கே வந்தது, திருப்பியதில் கார் சுவரில் மோதியது. அவர் எழுதியதை நம்பினால் எங்கள் ஏரியாவில் சுவரும் மிஞ்சாது, நாயும் மிஞ்சாது.

ஃபிராங்க்ளின் அண்ணாவின் பாரத்திலும் அந்த நாய்தான் வந்தது.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுகிறார். அந்த ஒரு காரை நம்பித்தான் வீடு. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன், ஹாரன் அடிக்கவே கூச்சப்படுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவரிடம் மகன் ரயான் கார் சாவியைக் கேட்டான். நண்பர்களோடு ஓசூர் போகவேண்டுமாம். மூன்று மணிக்கு சவாரி இருக்கிறது என்றார் அண்ணா. அவ்வளவுதான். இருபத்து நாலு வயதுத் தடியன் டிக்கியைத் திறந்து ஜாக்கி ராடை எடுத்தான். முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பானெட், கூரை என்று ஒன்றையும் விடவில்லை. தடுக்கப் போன அப்பாவின் வலது மணிக்கட்டில் ஓங்கி ஒன்று வைத்தான். அவர் அலறியது எதிர்வீட்டில் இருந்த எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. நானும்தான் சாத்தினேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமே என்று பயந்து, ஜெயராமன் எழுதிய நாய்க் கதைக்குக் கீழே அண்ணா இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை சர்வேயர் ஷ்ரேயாஸ் கராஜுக்கு வந்தார். பாலிசி விற்றவள் என்று நானும் போயிருந்தேன். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவார். கார் கூரையைத் தடவிப் பார்த்தார்.

"சுவத்துல மோதினா கூரை எப்படி சார் நசுங்கும்? நாய் மாடியிலேருந்து குதிச்சுதா?"

அண்ணா வலது கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் ஷ்ரேயாஸின் குரல் இறங்கியது.

"யாரோ அடிச்சு உடைச்சிருக்காங்க. அதுக்கும் உங்க பாலிசில பணம் உண்டு சார். ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்து, எஃப்ஐஆர் வாங்கி, பாரத்த மாத்திக் குடுங்க. நாளைக்குள்ள வரலேன்னா பொய் க்ளெய்ம்னு ரிப்போர்ட் எழுதிடுவேன். அப்புறம் ஒண்ணும் வராது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயத் தொறங்க அண்ணா! கார் போச்சுன்னா சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"பெத்த புள்ளைய எப்படிம்மா புடிச்சுக் குடுக்கறது? கார் போனா போவட்டும். நாய்னே இருக்கட்டும்."

அவர் மனைவி பெர்னதெத் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரயான் உள்ளே வந்தான். சர்வேயர் வந்த சேதி அவன் காதுக்கு எட்டிவிட்டது.

"என் பேரச் சொன்னியா கெழவா?"

அப்பாவின் பிடரியைப் பிடித்து பானெட்டில் மோதினான். மறுபடியும் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அண்ணா கையைக்கூடத் தூக்கவில்லை. பெர்னதெத் நடுவில் பாய்ந்தார். மகனின் குத்து அவர் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, பல் ஒன்று கிரீஸ் தரையில் தெறித்தது.

அண்ணா அந்தப் பல்லைப் பார்த்தார். டிங்கர் மேசையில் கிடந்த சுத்தியல் எப்போது அவருடைய இடது கைக்கு வந்தது என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை. மகனின் முழங்காலில் ஒரே அடி. ரயான் அலறிக்கொண்டு சாய்ந்தான். அடுத்த அடிக்குக் கை மேலே போனது, இந்தத் தடவை தலைக்கு. ஜெயராமனும் நானும் அந்தக் கையில் தொங்கித்தான் தடுத்தோம்.

சுத்தியலைக் கீழே போட்டார். முகத்து ரத்தத்தைத் துடைக்காமல் ஷ்ரேயாஸ் பக்கம் திரும்பினார்.

"அந்த பாரத்தக் கிழிங்க சார். கார உடைச்சது என் மகன். என் கைய உடைச்சதும் அவன்தான். அவன் கால உடைச்சது நான். வாங்க ஸ்டேஷனுக்கு, அத்தனையும் எழுதிக் குடுக்கறேன்."

மகனின் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெர்னதெத் அவரைத் தடுக்கவில்லை.