தலையணையில் ஊற்றிய லோஷன்

பேய், பாம்பு எதற்கும் நான் பெரிதாகப் பயந்தவள் இல்லை. ஒரு மணத்துக்குப் பயந்திருக்கிறேன். முகம் மழித்தபிறகு ஆண்கள் கன்னத்தில் தட்டிக்கொள்ளும் பச்சை நிற லோஷனின் மணம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் அந்த லோஷன் மணக்காத ஆண்பிள்ளை கிடையாது. கல்ஃபிலிருந்து லீவில் வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு பாட்டில், அமரவிளை ஜங்ஷன் சலூனுக்கு ஒரு பாட்டில் கொண்டுவருவார்கள். அது ஒரு மரியாதை. சலூன்காரர் வருகிறவர்கள் கன்னத்திலெல்லாம் அதைத் தட்டி அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்கள் பக்கம் முழுக்க ஒரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் மணக்கும்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள் என் வீட்டுக்காரர் கல்ஃபுக்குப் போனார். கண்ணாடிக்குக் கீழே பாதி பாட்டில் லோஷன் இருந்தது. "நான் வாறது வரை அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் தொட்டேன். வேறென்ன செய்ய? அவர் முகமே சரியாக ஞாபகம் வராத நாட்கள் உண்டு. தலையணையில் தினமும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு படுத்தால்தான் கல்யாணம் ஆனது நிஜம் என்று தோன்றும்.

ஒருநாள் மத்தியானம் போஸ்ட்மேன் அவருடைய கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அறைக் கதவைச் சாத்தி வாசித்தேன். வாசித்து முடித்ததும் என்ன கிறுக்கு பிடித்ததோ, மிச்சம் முழுவதையும் தலையணையில் கவிழ்த்துவிட்டேன். பிறகுதான் உதறல் எடுத்தது. பாட்டில் காலி என்று தெரிந்தால் சத்தம் போடுவாரே! பழைய அளவுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றி மூடிவைத்தேன்.

அப்போதுதான் மாமியார் சர்ச்சில் பெண்கள் கூட்டம் முடிந்து வந்தார். கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எட்டீ, ஆரு உள்ள வந்தது?"

"ஆரும் வரல்ல மாமி. லோஷனைக் கொஞ்சம் ஊத்தினேன்."

மாமி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். "இது வெறும் வெள்ளமாக்கும். வழியில போஸ்ட்மேனைப் பாத்தேன். சலூன்ல முகம் மழிச்சு, இந்த முறியில அடிக்குத இதே மணத்தோட போறான்."

பதறிப்போய்த் தலையணையை எடுத்து நீட்டினேன்.

"தலவணை வரைக்கும் வந்தாச்சா?" என்றார்.

நீட்டிய தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மாமிக்கு எழுதத் தெரியாது. மகனுக்குச் சொல்லவேண்டியதை அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அன்றும் என்னையே உட்காரவைத்தார். "எழுது. நான் வந்து பாக்கும்ப முறியில ஆம்பிள மணம் உண்டு. எழுதினியா? அவன் போன்ல கூப்பிடும்ப நான் கேப்பேன்." என் குற்றப்பத்திரிகையை நானே எழுதினேன். மாமி அடுப்படிக்குப் போன நேரத்தில் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'லோஷனை நான்தான் தலையணையில் ஊற்றினேன்.' வாசித்துப் பார்த்தால் கள்ளி சொல்லும் சாக்குபோலவே இருந்தது. எழுத்து தெரியாதபடி அடித்துவிட்டேன்.

பதில் வர ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் சோறு இறங்கவில்லை. பெட்டியைக் கட்டி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதோடு என் கதை முடிந்தது என்றே இருந்தேன். வந்த பதிலில் மழை உண்டா, தேங்காய் வெட்டியாச்சா என்று கேட்டிருந்தார். அந்த மணத்தைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை. போனிலும் மாமியிடம் பிடிகொடுக்கவில்லையாம். இரண்டு வருடம் கழித்து வந்தபோது வேறு லோஷன் பூசியிருந்தார். அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. மாமியும் காலமானார்.

போன மாதம் எங்கள் மகன் அதே லோஷனை வாங்கிப் பூசிக்கொண்டு வந்து நின்றான். பழசுக்கெல்லாம் இப்போது மவுசாம். அவன் வெளியே போனபிறகும் வீடு மணத்தது. என் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். அப்போது சொல்லிவிட்டேன்.

"அண்ணைக்கு நானாக்கும் அதைத் தலவணையில ஊத்தினது. அடிச்ச வரியில அதைத்தான் எழுதியிருந்தேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே சொன்னார்: "அந்த வரியை வெளிச்சத்துல பிடிச்சு எத்தனையோ மட்டம் பாத்தேன். ஒண்ணும் தெரியல்ல. உன்னிட்ட கேக்கவும் பயம். ஆளு வந்தது உண்டுன்னு நீ சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

பாவி மனுஷன்! "இப்பம் நம்புதியளா?" என்று கேட்டேன்.

"நம்பாம பின்ன?" என்றார். உடனே சொல்லவில்லை, ஒரு மூச்சு விட்டுத்தான் சொன்னார்.