வாழையிலையை ஏற்காத தொட்டி

புல்லும் இலையும் போடுகிற தோட்டக் குப்பைத் தொட்டிக்கு இந்தக் குளிர்நாட்டு நகரசபை இந்த வருடம் தொடக்கம் தனியாகக் காசு அறவிடுகிறது. முணுமுணுக்காமல் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மகளுக்கு முதல் நன்மை; வீட்டில் விருந்து. சாப்பிட்ட வாழையிலைகளை அந்தத் தொட்டியில்தான் போட்டோம்.

இன்று காலை குப்பை வண்டிக்காரர் அயல்வீட்டுத் தொட்டிகளை எல்லாம் கொட்டிக்கொண்டு, எங்களுடையதில் இலைகளைக் கண்டதும் அதை மட்டும் விட்டுவிட்டு நடந்தார்.

"பிளாஸ்டிக்" என்றார்.

ஓடிப்போய் அவர் முகத்துக்கு முன்னாலேயே ஓர் இலையை நார் நாராகக் கிழித்துக் காட்டினேன்.

மனிதர் மசியவில்லை. இந்த ஊரில் முளைக்கிற இலைகளுக்குத்தான் இந்தத் தொட்டியாம்!

வாசலில் நின்ற மனைவிக்கு வந்ததே கோபம். "இஞ்சேருங்கோ, அப்ப இலைக்கும் அகதியெண்டு அசூல் அடிக்கவேணுமோ எண்டு அந்தாளிட்டைக் கேளுங்கோ!"

தொட்டி நிறைந்தபடியே நிற்கிறது. எந்த நகரத்தில் வாழையிலைக்கு விசா கிடைக்கும்? தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்; மணக்கத் தொடங்கிவிட்டது.