தோல் விரியும் வரை

நான் வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஆலையில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டதில் என் தலையின் வலப்பக்கம் வெந்துபோனது. புண் ஆறிவிட்டது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு முடியே முளைக்கவில்லை.

ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்: "தலைத்தோல் மாதிரி முடி வளர்ற தோல் வேற எங்கயும் கிடைக்காதும்மா. நல்லா இருக்கிற பக்கத்துல, தோலுக்கு அடியில ஒரு பலூன் வைப்போம். வாராவாரம் ஊசியில உப்புத்தண்ணி ஏத்தினா தோல் மெல்ல விரியும். அப்புறம் பலூனை எடுத்துட்டு, அந்தத் தோலை இழுத்து வழுக்கையை மூடிடலாம்."

"உள்ளயே வெடிச்சிட்டா?"

"அடி படாம பாத்துக்கணும். சிவந்தாலும் கசிஞ்சாலும் உடனே வந்துடணும்."

வெடிக்காது என்று அவர் சொல்லவில்லை.

ஊசி போடப் போட, தலையில் அரைமூடித் தேங்காயைக் கவிழ்த்தது போல் வீங்கியது. தோல் விண்ணென்று தெறிக்கும். மகள் மடியில் ஏற வந்தால் கையை நீட்டித் தடுப்பேன். அவள் முகம் சுருங்கும். காலையில் கணவர் செல்போன் வெளிச்சத்தில் பார்த்து, "சிவப்பு இல்ல" என்பார். நம்பிக்கை வராது.

ஒருநாள் ஊசிக்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் போனோம். சானமாவு காட்டுக்கிட்டே டிரைவர் சட்டென்று பிரேக் அடித்தார். முன்சீட்டுக் கம்பியில் என் தலை மோதியது. ரோட்டில் யானைகள். எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்கள். நான் முக்காட்டுக்குள் விரலை விட்டேன். ஈரம்.

"என்னங்க, தண்ணி வருது."

அவர் முக்காட்டை விலக்கிப் பார்த்தார். "வேர்வையா என்னான்னு தெரியலையே."

யானைகள் நகரவில்லை. பஸ்ஸும் நகரவில்லை. வீக்கம் வற்றுகிறதா என்று தொட்டுப் பார்க்கவும் பயம், தொடாமலிருக்கவும் பயம். பட்ட வலியெல்லாம் வீணாகி, மறுபடி தலையைக் கிழிப்பார்களோ என்று யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யானைகள் விலகி, ஒருவழியாக ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா துணியால் ஒற்றி, மெதுவாக அழுத்திப் பார்த்தார். "கசிவு இல்ல, வேர்வைதான். ஆனா இங்க சிவந்திருக்கு. இந்த வாரம் ஊசி வேண்டாம். தோல் பிஞ்சுபோச்சுன்னா பலூனை எடுத்துடணும்."

அதன்பின் சரியான தூக்கமில்லை. மாத்திரையில் சிவப்பு மெல்ல வடிந்தது. ஊசிகள் தொடர்ந்தன. கடைசியில் ஆபரேஷனும் நடந்தது.

கட்டுப் பிரித்தபோது கண்ணாடியை நீட்டினார்கள். வாங்கத் தைரியம் வரவில்லை. நர்ஸ் என் விரலைப் பிடித்து, வழுக்கையாக இருந்த இடத்தில் வைத்தார். ஆபரேஷனுக்கு மழித்திருந்த முடி முள்முள்ளாகக் குத்தியது.