ஒரு பைசா குறையாது

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீடு இரண்டாவது மாடி. முப்பத்தாறு படிகள். கீழ்ப் பதினெட்டு ஒழுங்காகக் கட்டியது. மேல் பதினெட்டு பிறகு சேர்த்துக் கட்டியது, ஒரு படியின் உயரம் இன்னொன்றுக்கு இருக்காது. குடி போனபோது இதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கவில்லை. என் புருஷனுக்கு முழங்கால் மூட்டு போன பிறகுதான் எண்ண வேண்டி வந்தது.

அன்றைக்கு நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு. எட்டு லட்சம் ரூபாய். எண்ணூர்ப் பக்கம் அவர் இருபத்தாறு வருஷம் உழைத்த தொழிற்சாலையை மூடியபோது கணக்கு முடித்துக் கொடுத்த பணம். அப்படி ஒரு தொகையை நாங்கள் மொத்தமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும் அதுதான் என்று இருவருக்குமே தெரியும். அதை என்ன செய்வது என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சி.

"மீஞ்சூர்ல மனை வருதுமே. ஒரு ரூம்பு போட்டுகினா நம்ம வூடு" என்றார் அவர்.

"போயேன், நீயும் பாம்பும் குடித்தனம் பண்ணுங்க. காலீல எட்டு மணிக்கு நான் ஆபீஸ்ல இருக்கணும், யாரு கொண்டாந்து வுடுவா?" என்றேன் நான்.

என் ஆபீஸ் திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு கம்பெனி. பில் போடுவது, கடிதம் அடிப்பது என் வேலை. டீசல் ஏறினால், டயர் ஏறினால், சுங்கக் கட்டணம் ஏறினால் வாடிக்கையாளர்களுக்கு ஒரு கடிதம் போகும்: 'தவிர்க்க இயலாத விலையேற்றம் காரணமாக எங்கள் கட்டணத்தை உயர்த்த வேண்டியுள்ளது.' அந்த வரியைத் தூக்கத்தில்கூட அடிப்பேன். ஊருக்கெல்லாம் விலை ஏறுகிறது என்று கடிதம் போட்டவளுக்கு, தன் எட்டு லட்சத்துக்கும் அது பொருந்தும் என்று தோன்றவில்லை. என்னைப் போல ஒரு புத்திசாலியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

கொரோனா அடங்கிக்கொண்டிருந்த நேரம் அது. வங்கி வட்டி தரையில் கிடந்தது. எட்டு லட்சத்தைப் போட்டால் மாதம் மூவாயிரத்துச் சொச்சம் வரும். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த வாடகையோ ஒன்பதாயிரம். அப்போதுதான் இந்த வீடு லீஸுக்கு வந்தது. லீஸ் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: வீட்டின் சொந்தக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட வேண்டியது, மூன்று வருஷம் வாடகையே கிடையாது, காலி செய்யும்போது கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு போக வேண்டியது. வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. ஒன்பதாயிரம் பெரிதா மூவாயிரம் பெரிதா என்று நான் கேட்டேன், அவர் மனைப் பேச்சை விட்டுவிட்டார். மாதாமாதம் அந்த ஒன்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைக்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன். முதல் நான்கு மாதம் வைத்தேன். பிறகு எண்ணெயும் பருப்பும் சிலிண்டரும் மருந்தும் அதை எடுத்துக்கொண்டன.

வீடு பார்க்கப் போன அன்று அங்கே குடியிருந்த அம்மா காபி கொடுத்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். நான் அவளிடம் தனியாகக் கேட்டேன், "போட்ட காசு அப்படியே வருமா?" அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள், "அப்படியே வரும்க்கா. ஒரு பைசா கொறையாது."

அவள் ஏன் திரும்பவில்லை என்று நான் யோசிக்கவில்லை. பணம் கைமாறிய அன்று நான் போனில் அனுப்பினேன், வீட்டுக்காரர் போன் டிங் என்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏதோ அமுக்கினார், உடனே அந்த அம்மாவின் போன் டிங் என்றது. என்ன நேர்மையான மனுஷன், வாங்கிய கையோடு கொடுத்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன். அவர் கொடுத்தது என் பணத்தைத்தான், என் பணம் வேண்டுமென்றால் எனக்குப் பின்னால் ஒருத்தி வரவேண்டும் என்பது அந்த நிமிஷம் மண்டையில் ஏறவே இல்லை.

நாங்கள் குடியேறிய கொஞ்ச நாளில் வட்டி ஏற ஆரம்பித்தது. ஒருமுறை அல்ல, விட்டு விட்டு ஏறிக்கொண்டே போனது. ஆபீஸில் எல்லோரும் டெபாசிட்டை முறித்துப் புது வட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் என் டெபாசிட்டுக்குள்ளேயே குடியிருந்தேன், முறிக்க வழியில்லை. அதுகூடப் பரவாயில்லை என்று பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம் என் புருஷனுக்கு மூட்டு போனது. இரண்டு காலும். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் சர்க்கரை அடங்க வேண்டும், அதுவரை படி ஏறி இறங்கக் கூடாது, தரைத்தளத்துக்கு வீடு மாற்றிவிடுங்கள் என்றார் டாக்டர், ஏதோ சட்டை மாற்றச் சொல்வதுபோல. அன்றிலிருந்து அவர் மாடியைவிட்டு இறங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். மற்ற நாளெல்லாம் பால்கனி. ஒரு கூடையில் கயிற்றைக் கட்டி வைத்திருந்தார். மீன்காரம்மா கத்தினால் கூடை இறங்கும், பேப்பர்காரன் வந்தால் இறங்கும். தெருவில் இருக்கிற எல்லாம் கூடையில் ஏறி வந்தது. டீ மட்டும் வராது. எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டே சொல்வார், "கீய போயி நின்னுகினு ஒரு டீ குடிக்கணும்மே. அவ்ளோதான்."

மூன்று வருஷம் முடிந்த அன்றே நான் வீட்டுக்காரரைப் பார்க்க ராயபுரம் போனேன். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, கையைப் பிசைந்தார்.

"கைல துட்டு இல்ல தங்கச்சி. ஒண்ணு, வேற லீஸ் பார்ட்டி வரணும். இல்லாங்காட்டி வூட்ட வச்சி பேங்க்ல லோன் போடணும். இப்ப கீற வட்டிக்குப் போட்டா என் பென்ஷன் பூராவும் பூடும். கொஞ்சம் கொறையட்டும். அடுத்த கூட்டத்துல கொறைப்பாங்கன்னு சொல்லிக்கிறாங்கோ."

கூட்டம் என்றால் மும்பையில் மத்திய வங்கிக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி வட்டியைப் பற்றிப் பேசுவது. அதுவரை அப்படி ஒன்று நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு திருவிழாத் தேதிபோல மனதில் குறித்து வைத்தேன். அன்றைக்கு ஆபீஸில் பத்து மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு போனைப் பார்ப்பேன். கோட்டு போட்ட ஒருவர் வந்து, மெதுவாக, சேதாரம் இல்லாத குரலில் பேசுவார். விலைவாசி இன்னும் அடங்கவில்லை, காய்கறி விலை கவலை தருகிறது, ஆகவே மாற்றமில்லை. தக்காளி ஏறியதற்கும் என் புருஷன் கீழே இறங்குவதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அந்த வாரமெல்லாம் தக்காளியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

மாலையில் படியேறி வந்ததும் கேட்பார், "இன்னாவாம்?"

"அப்படியேதான் கீதாம்."

"நானும் அப்படியேதான் கீறேன்" என்பார். சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இதற்குள் எங்கள் தெருவிலேயே தரைத்தள வீட்டுக்கு லீஸ் பன்னிரண்டு லட்சம் ஆகியிருந்தது. மீஞ்சூர் மனை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. எட்டு லட்சம் எட்டு லட்சமாகவே உட்கார்ந்திருந்தது. ஆப்பை அசைத்த குரங்கு நான்தான். ஆனால் வால் மாட்டிக்கொண்டது அவருக்கு. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றியிருப்பேன். சொல்லவே இல்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க எம்.கே.பி. நகரில் இருந்து புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். சின்ன வயசு. அந்தப் பெண் சமையலறையில் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "வரும்மா. ஆனா உன் பின்னால ஒருத்தி வந்தாத்தான் வரும். வர்றப்போ அந்தக் காசுக்கு இந்தத் தெருவுல ஒண்ணும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்ன திருப்தி எனக்கு ஒரு பத்து நிமிஷம் இருந்தது.

அவர்கள் தெருவில் இறங்கிப் போவதை அவர் பால்கனியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆபீஸில் இருந்து திரும்பியபோது, மேலே இருந்து பதினோராவது படியில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா இது?"

"தனியா எறங்கிப் பாக்கலாம்னு வந்தேன்மே. கீயயும் போவ முடியல, மேலயும் ஏற முடியல."

"எப்போலேந்து?"

"மத்தியானம் சாப்ட்டப்பறம்."

மணி ஆறரை. அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மேலே ஏற்றினோம்.

கடைசியில் ஒரு கூட்டத்தில் வட்டியைக் குறைத்தார்கள். ஆபீஸில் கைதட்டியவள் நான் ஒருத்திதான். அன்று மாலையே ராயபுரத்துக்கு ஓடினேன். வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வங்கிக்குப் போய் வந்திருந்தார்.

"வட்டி கொறஞ்சிடுச்சி தங்கச்சி, மெய்தான். ஆனா என் வயசுக்கு லோன் தரமாட்டாங்களாம்" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று கத்த வேண்டும்போல இருந்தது. அவரிடம் கத்தி என்ன ஆகப்போகிறது.

ஆனால் வட்டி குறைந்ததில் வேறொன்று நடந்தது. மறுபடியும் லீஸுக்கு ஆட்கள் அலைய ஆரம்பித்தார்கள். அப்படித்தான் அவள் வந்தாள். துறைமுகத்துக் கேன்டீனில் வேலை பார்த்தவள், புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் மட்டும். பி.எஃப். பணம் பத்து லட்சம் கையில் இருந்தது.

"பேங்க்ல வட்டி கொறஞ்சிகினே போதுக்கா. இங்க வாடகையாச்சும் மிச்சம்" என்றாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே கணக்கு. பிறகு, எங்கள் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு கேட்டாள், "போட்ட காசு அப்படியே வருமாக்கா?"

நான் வாயைத் திறந்தேன்.

"அப்படியே வரும்மா. ஒரு பைசா கொறையாது" என்றார் அவர், கட்டிலில் இருந்து.

தொழிற்சாலையில் ஓவர்டைம் கணக்கில் அரைமணி நேரம்கூடக் கூட்டி எழுதாத மனிதர். என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போதும் சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்தேன். திரும்பாமலே கழுவினேன்.

எங்களுக்கு எம்.கே.பி. நகரில் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. வாடகைக்குத்தான், மாதம் பதினோராயிரம். எட்டு லட்சத்தை வங்கியில் போட்டால் அதில் பாதிகூட வட்டியாக வராது, மீதியை என் சம்பளத்தில் இருந்து தர வேண்டும். நேற்றுவரை குறையட்டும் என்று வேண்டிய வாயாலேயே இனி ஏறட்டும் என்று வேண்ட வேண்டும். சாமிக்கே குழப்பமாக இருக்கும்.

காலி செய்த அன்று அவள் போனில் பணம் அனுப்பினாள். வீட்டுக்காரர் போன் டிங் என்றது, பிறகு என் போன். எட்டு லட்சம், ஒரு பைசா குறையவில்லை. எங்கள் ஆபீஸ் லாரிக்காரர்கள் இரண்டு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். மேல் பதினெட்டில் ஒரு திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்து நின்றுவிட்டது. பால் காய்ச்சப் பாத்திரத்தோடு எதிரே ஏறி வந்தவள், அதைப் படியில் வைத்துவிட்டு, நாற்காலியின் முன்காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். "பாத்துண்ணா, பாத்து. கைய உள்ள வச்சிக்கோங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழே இறங்கியதும் டீக்கடை வாசலில் நாற்காலியைப் போட்டு, டீயை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்திருப்பார். மேலிருந்து குரல் வந்தது.

"அக்கா, உங்க கூடைய மறந்துட்டீங்கோ!"

பால்கனியில் இருந்து கயிற்றை விட்டு விட்டு அவள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அது ஆடிக்கொண்டே வந்து என் முகத்துக்கு நேரே நின்றது. என் கைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று அண்ணாந்து பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது, அவள் முகம் தெரியவில்லை.

"நீயே வச்சிக்கோம்மா" என்றேன். "படி ஜாஸ்தி. ஒதவும்."

"சரிக்கா" என்றாள், சந்தோஷமாக. கூடை மறுபடி மேலே ஏறியது. அவர் டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடை பால்கனிக்குள் போனதும் கிளாஸைத் தரையில் வைத்தார்.

"வாமே, போலாம்" என்றார். கிளாஸில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.