மாவுக்கட்டுக் கோடுகள்

லிஃப்ட்காரருக்கு நாற்பத்தாறு வயது. அதில் முப்பது வருடமாக அவருடைய வலது கட்டைவிரலுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலைதான். எதிரில் எவன் வந்தாலும் அடிக்கிற பொத்தானை விடாமல் குத்துவது. பழைய வீடியோ கேம்களுக்கு அது தாராளமாகப் போதும். எவன் முந்துகிறானோ அவன் பிழைத்தான், அவ்வளவுதான்.

ஆசை ஆசையாக வாங்கி வந்த புதிய விளையாட்டு அந்தக் கட்டைவிரலை மதிக்கவே இல்லை. பொத்தானைக் குத்தக் குத்தத் திரையில் இருக்கிற வாள்காரனுக்கு மூச்சு வாங்கும். மூச்சு தீர்ந்த நேரம் பார்த்து எதிரி ஒரே போடாகப் போடுவான். போதாக்குறைக்கு, ஓங்கிய கையை ஓங்கியபடியே வைத்துக்கொண்டு நிற்பான். இவர் பயந்துபோய் உருண்டு எழுந்த பிறகு நிதானமாக இறக்குவான்.

"விளையாட்டா இது? காசு குடுத்து அடி வாங்கறதுக்குப் பேரு விளையாட்டா?" என்று மூன்றாம் நாளே அதை மூட்டை கட்டினார்.

இத்தனைக்கும் வேலையில் அவர் பொறுமைசாலி. ஊருக்குள் நூறு லிஃப்டுக்கு மேல் பழுதுபார்ப்பது அவர்தான். எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் அரைமணி நேரம் பேசியே அமைதிப்படுத்துவார். ஒரு திருகைத் திருகினால்கூட, மோட்டார் அறையில் தொங்கும் நோட்டில் தேதி, மணி, கையெழுத்து மூன்றும் போடாமல் படியிறங்க மாட்டார். "நோட்டு பொய் சொல்லாது" என்று அடிக்கடி சொல்வார். வீட்டு விஷயங்களுக்கு அப்படி நோட்டு எதுவும் இல்லை என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் அவருடைய தங்கை, தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் படியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டு வயது, வீட்டில் இன்னும் பாப்பாதான். தனியாக இருந்தாள், மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். லிஃப்ட்காரர் தங்கைக்கு இப்படி ஒரு வீடா என்று பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். முழங்கால்வரை மாவுக்கட்டோடு அவளை அண்ணன் வீட்டு சோபாவில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆறு வாரம்.

இரண்டாம் நாள் சும்மா இருக்க முடியாமல் அந்த விளையாட்டை எடுத்தாள். சின்ன வயதிலும் இருவரும் சேர்ந்துதான் விளையாடுவார்கள். கஷ்டமான இடம் வந்தால் அவள் கன்ட்ரோலரை நீட்டிவிடுவாள். "அண்ணா, நீயே பாத்துக்கோ." அவர் முடித்துக் கொடுப்பார், அவள் மேலே போவாள். அந்தப் பழக்கத்தில் இப்போதும் அவர் கை தானாக நீண்டது.

"கைய எடு அண்ணா. நானே பாத்துக்கறேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் பாப்பாவுக்கு அது வந்தது. பொத்தானைக் குத்திக் குத்திப் பழகிய கை இல்லையே அவளுக்கு. பதினாறு வருடமாக மற்றவர்கள் கையில் நரம்பு தேடுகிற கை. விரலால் அழுத்திப் பார்த்து, நரம்பு மேலே வருகிறவரை காத்திருந்து, ஒரே குத்து. அதையேதான் இங்கேயும் செய்தாள்.

ஒரு பாலம் வரைக்கும் போனாள். அங்கே தூண் அளவு சுத்தியலோடு ஒரு பூதம். பாலத்துக்காரன் என்று பெயர் வைத்தாள். அவனிடம் தோற்கும்போதெல்லாம் மாவுக்கட்டில் பேனாவால் ஒரு கோடு. நாற்பது, ஐம்பது, எண்பது. கட்டுப் பிரிப்பதற்குள் அவனைச் சாய்த்தே தீருவேன் என்று அண்ணியிடம் சபதம் வேறு. எதிலுமே பிடிவாதம் பிடிக்காத பிள்ளை இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டது எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது.

எண்பத்தேழாவது கோட்டுக்கு மறுநாள், மறு எக்ஸ்ரேக்காக மனைவி அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். லிஃப்ட்காரருக்கு வார விடுமுறை. வீட்டில் யாருமில்லை. கை அரித்தது. ஒரே ஒரு தடவை, சும்மா, என்று உட்கார்ந்தார். தங்கையின் ஆட்டத்தையே திறந்தார்.

இருபது தடவை செத்தார். இருபத்தொன்றாம் தடவை, பாப்பா நரம்பு பார்க்கிற மாதிரி கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேல் சும்மா வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுத்தியல் மேலேயே நின்றது. இவரும் நின்றார். இறங்கியது, விலகினார், ஒரு குத்து. மறுபடி காத்திருந்தார். முப்பது வருடப் பழக்கத்தை அந்தக் கால்மணி நேரத்துக்கு விட்டுக் கொடுத்தார். பாலத்துக்காரன் மண்டியிட்டு விழுந்தான்.

"அப்படிப் போடு!" என்று சோபாவிலிருந்து எழுந்தே விட்டார்.

அந்தச் சந்தோஷம் எழுந்து உட்காருகிற நேரம்கூட நிற்கவில்லை. திரையில் பாலம் வெறிச்சென்று கிடந்தது. நடந்ததை விளையாட்டு தானாகவே பதிந்துகொள்ளும். முந்தைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. எண்பத்தேழு கோடு போட்டவள் வந்து பார்த்தால் அடிக்க ஆள் இல்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தங்கையின் ஆட்டத்தை முழுசாக அழித்தார்.

"கரண்ட் போயிட்டுப் போயிட்டு வந்துச்சு பாப்பா. எல்லாம் அழிஞ்சுபோச்சு போல."

அவள் கன்ட்ரோலரை வாங்கி எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு, "சரி, போனாப் போகுது. முதல்லேருந்து ஆரம்பிச்சாப் போச்சு" என்றாள்.

கோபித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தச் "சரி" அவரைக் கொன்றது. அதே சரியை அவர் முன்பும் ஒருமுறை கேட்டிருந்தார்.

பதினாறு வருடத்துக்கு முன் அவள் படிப்பு முடித்திருந்தாள். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்திலிருந்து வேலை விஷயமாகக் கடிதம் வந்தது. போனில் பேசி உறுதி செய்ய வேண்டும். தெரியாதவர்களிடம் பேச அவளுக்கு நடுக்கம். "அண்ணா, நீயே பேசிடேன்" என்று போனை நீட்டினாள், கன்ட்ரோலரை நீட்டுகிற மாதிரியே. அப்பா படுத்த படுக்கையாக இருந்த நேரம். அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், பேசினார், இறங்கி வந்தார். "இடம் நிரம்பிடுச்சாம் பாப்பா."

"சரி" என்றாள். தெருமுனையில் இருந்த சின்னப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். அங்கேயே இருக்கிறாள். யாராவது ஏன் பெரிய இடத்துக்கு முயற்சி செய்யவில்லை என்று கேட்டால், இடம் நிரம்பியதெல்லாம் வெறும் சாக்கு என்று எடுத்துக்கொண்டவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "ஒரு தடவை பாத்தாச்சு. நம்ம கை அவங்களுக்குப் போதல." அப்பா இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, அடுத்த மாதம், அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது என்று தள்ளித் தள்ளி, சொல்லவே முடியாத விஷயமாக அதை வளர்த்துவிட்டார்.

பாப்பா ஐந்தே நாளில் மறுபடியும் பாலத்துக்கு வந்துவிட்டாள். வழி தெரியுமே. மாவுக்கட்டின் மறுபக்கத்தில் புதுக் கோடுகள். அவற்றைப் பார்க்கப் பார்க்க லிஃப்ட்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டார் அறை நோட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா தயங்கியது. "என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள் காலை, மனைவி கடைக்குப் போன சமயம், அவர் போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாப்பா பாலத்தில் சண்டையில் இருந்தாள்.

"பாப்பா. அன்னிக்கு கரண்ட் போகல."

"தெரியும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் திருதிருவென்று விழித்தார்.

"அவனைச் சாய்ச்சா ஒரு பதக்கம் குடுப்பாங்க அண்ணா. நாள், மணி எல்லாம் போட்டு. ஆட்டத்தை அழிச்சாலும் அது அழியாது. நான் எக்ஸ்ரே டேபிள்ல படுத்திருந்த நேரம் அதுல இருக்கு." சிரித்தாள். "நோட்டு பொய் சொல்லாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவியே. நீயா சொல்வேன்னுதான் காத்திருந்தேன். எட்டு நாளாச்சு உனக்கு!"

அவருக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் செத்தோம் என்று மார்பு லேசானது.

"வேற ஏதாவது திருட்டு வெச்சிருந்தா அதையும் இப்பவே சொல்லிடு. ஒரே மன்னிப்புல முடிச்சுடறேன்" என்றாள் விளையாட்டாக.

சும்மா சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். திரையில் பாலத்துக்காரனுக்கு உயிர் ஒரு நூலளவுதான் மிச்சம் இருந்தது. அவள் இதுவரை அந்த அளவுக்கு வந்ததே இல்லை. இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் ஜெயித்திருப்பாள். ஆனால் அந்த அரை நிமிடம் போனால் தன் வாய் மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். நல்லது செய்யும்போதுகூடத் தன் அவசரத்தைத்தான் பார்த்தார்.

"அந்த வேலை, பாப்பா. வெளியூர் வேலை. இடம் நிரம்பல. நான்தான் நீ வரலன்னு சொன்னேன்."

அவள் விரல்கள் நின்றன. இந்த விளையாட்டைப் பாதியில் நிறுத்திவைக்க முடியாது. சுத்தியல் மேலே போனது, அங்கேயே நின்றது, பிறகு இறங்கியது. அவள் விலகவில்லை. திரை இருண்டது.

"அப்பாவுக்காகவா?" என்று கேட்டாள்.

"ஆமா." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல, எனக்காகத்தான். நீ போயிட்டா அப்பாவ நான் தனியா பாத்துக்கணும். பயந்துட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க? நீ பேசினப்போ."

அதை மட்டும் கேட்டுவிடக் கூடாதே என்று பதினாறு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார்.

"என்னிக்கு வந்து சேர்றீங்கன்னு கேட்டாங்க."

"என்னிக்கு வந்து சேர்றீங்கன்னா கேட்டாங்க?" என்று அவள் மெல்லத் திருப்பிச் சொன்னாள். தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். அழவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இந்த முறை அதைச் சொல்லிவிடுவாளோ என்று அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டு தானாகவே அவளைப் பாலத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. பேனா சோபாக் கையிலேயே கிடந்தது. அந்தத் தடவைக்கு அவள் கோடு போடவில்லை.